படிக்கட்டுச் சட்டங்கள்

மார்ச்சில் இழுவைப் பெட்டியின் கம்பி அறுந்தது.
யாருக்கும் காயமில்லை.
'பழுதுபார்க்கப்படுகிறது' என்றொரு பலகை மாட்டினார்கள்.
பிறகு அந்தப் பலகையை
இரண்டு முறை பழுதுபார்த்தார்கள்.

வால்பராய்சோவில், குன்றின் மேல் வீடென்றால்
கடல் கண்ணுக்குப் பக்கம்,
கடை காலுக்குத் தூரம்.
எங்கள் கதவுக்கும் சாலைக்கும் நடுவே
நூற்றறுபத்திரண்டு படிகள்.
கஸ்பார் எண்ணினால் நூற்றறுபத்துநான்கு.
அவனுக்குப் பதினான்குக்கு அடுத்தது பதினேழு.

நான் பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுப்பவள்.
தெமூக்கோவுக்கு இரண்டா, ஒசோர்னோவுக்கு ஒன்றா,
சன்னலோரமா என்று கேட்டுக் கேட்டு
ஒன்பது மணிநேரம் ஊரையே கிளப்பி அனுப்பிவிட்டு
அதே நாற்காலியில் இருப்பேன்.
மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர்
'தினமும் அரைமணி உடற்பயிற்சி' என்று எழுதித் தந்தார்.
எந்த அரைமணி என்று எழுதவில்லை.
ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தேன்.
மின்கட்டண ரசீது வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

முதல் மாதம் படிகளைத் திட்டித் தீர்த்தேன்.
ஒரு கையில் ரொட்டிப் பை,
மறு கையில் கஸ்பாரின் சட்டைக் கழுத்து,
நெஞ்சுக்கூட்டில் யாரோ துருத்தி ஊதினார்கள்.
ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை
எனக்கு நான்கு படி மேலே நின்றபடி
ராயேன் முதல் சட்டத்தைப் போட்டாள்:
மஞ்சள் படியில் ஒற்றைக்கால்.

அம்மாவுக்குக் களைப்பு, கண்ணே, என்றேன்.
'மஞ்சள் படிக்கு அது தெரியாதே' என்றாள்.

பிறகு சட்டங்கள் மழைக்காளான்களாய் முளைத்தன.
உடைந்த படி எரிமலை, தாண்டியே ஆகவேண்டும்.
நீலச் சுவர் முடியும்வரை பின்னோக்கி நடை.
குறுக்கே பூனை வந்தால்
அது போகும்வரை நாமும் பூனை.
கேஸ் வண்டிக்காரர் சிலிண்டரைத் தட்டும் சத்தம் கேட்டால்
எங்கே நின்றாலும் ஆட்டம்.
இது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.
இப்போது எங்கள் முனைக்கு வந்ததும்
வேண்டுமென்றே தாளத்தை மாற்றுகிறார், பாவி.
பக்கத்துவீட்டு எதுவிஹிஸ் கொடியில் துணி போட்டபடி
எனக்கு மதிப்பெண் கொடுக்கிறாள்.
ஏழுக்கு நான்கு. ஒருநாள் ஐந்து.

ஜூன் மாத மழையில் ஒரு ராத்திரி
கஸ்பார் என் தோளில் தூங்கிப்போனான்.
பதினேழு கிலோ, நனைந்த கம்பளிக் கோட்டு தனி.
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
மஞ்சள் படியில் இரண்டு காலையும் வைத்தேன்.
கழுத்தருகே, கண் திறக்காமல்,
'அம்மா, மஞ்சள்.'
ஒரு படி இறங்கினேன்.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
ஒற்றைக்காலில் மறுபடி ஏறினேன்.

நிபால்தோ இதையெல்லாம் பைத்தியம் என்பான்.
துறைமுகத்தில் இரவு வேலை அவனுக்கு;
உடம்பை அசைக்க விளையாட்டு எதற்கு,
பெட்டிகள் போதாதா என்பான்.
ஆகஸ்டில் ஒருநாள் விடியுமுன் விழிப்பு வந்து
திரையை விலக்கினேன்.
தெருவிளக்கின் கீழே, தனியாக,
சோற்றுத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு
அந்தப் பெரிய மனிதன்
எரிமலையைத் தாண்டினான்.
தாண்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான்.
நான் படுக்கைக்குத் திரும்பி
தூங்குகிறவள்போல் மூச்சுவிட்டேன்.
இன்றுவரை கேட்கவில்லை.

நவம்பரில் பெட்டி ஓடத் தொடங்கியது.
புதுப் பச்சை வண்ணம், வாத்தியக் குழு, நகராட்சித் தொப்பிகள்.
வரிசையில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
மூன்று சீட்டு கேட்டேன்.
கஸ்பார் பலகையைப் பிடித்துக்கொண்டு
'எரிமலை எப்போது வரும்?' என்றான்.
ராயேன் ஒன்றும் சொல்லவில்லை.
சன்னலில் மூக்கை அழுத்தி
பக்கவாட்டில் நழுவி இறங்கும் படிகளை,
மஞ்சளை, நீலத்தை, பூனையில்லாத சுவரைப் பார்த்தாள்.

ஒரே நிமிடம். மேலே வந்துவிட்டோம்.
வியர்வையில்லை, மூச்சிரைப்பில்லை,
பேச ஒன்றுமில்லை.

ஐயோ, ரொட்டி வாங்க மறந்துவிட்டேனே, என்றேன்,
கீழே போகத்தான் வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் பை
இன்னும் சுடச்சுட இருந்தது.